சாப்பாட்டுச் சங்கு நிற்காத நாள்

என் அண்ணன் கேலனுக்கு வாய்த்த பெண்டாட்டி லவோன். பெல்மர் கவுண்டியில், அதான் எங்கள் மாவட்டத்தில், யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், "லவோனா, தங்கமான மனுஷி" என்பார்கள். ஊருக்குத் தங்கம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. வெளியாள் ஒருத்தரிடம் 'முடியாது' என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. அப்படிச் சொல்லாமல் விழுங்கிய அத்தனை 'முடியாது'வையும் சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்து என் அண்ணன் தலையில் கொட்டுவாள்.

கவுண்டி மியூசியத்தை அவள்தான் நடத்துகிறாள். சம்பளம் கிடையாது. பள்ளிக்கூடச் சமையலறையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த மறு வாரமே கவுண்டிக்காரர்கள் வந்து கேட்டார்கள். வேறு யாரும் ஒத்துக்கொள்ளாத வேலை. இவளும் "அதுக்கென்ன, பாத்துக்கலாம்" என்று சாவியை வாங்கிக்கொண்டாள். டிக்கெட் கிழிக்க என்னை இழுத்து உட்கார வைத்தாள். நான் மட்டும் முடியாது என்றா சொன்னேன்? நானும் இந்த ஊர்க்காரிதானே.

எங்கள் ஊரில் யாருடைய அம்மா இறந்தாலும் காரியம் முடிந்த கையோடு பிள்ளைகள் பிக்கப் வண்டியில் எதையாவது ஏற்றிக்கொண்டு மியூசியத்துக்கு வந்துவிடுவார்கள். பெரும்பாலும் காலால் மிதித்து வாசிக்கிற ஆர்கன் பெட்டி. குதிரைகூட இழுக்கச் சிரமப்படும் கனம் அது. அதன் மேல் வைத்து ஒரு சுவர்க் கடிகாரம். எல்லாருக்கும் அம்மாவின் பொருளைத் தூக்கிப் போடவும் மனசு வராது, வீட்டில் வைத்துக்கொள்ளவும் இஷ்டமில்லை. எங்கள் பக்கத்துப் பண்ணை வெர்லின் ஒரு நாள் இப்படித்தான் வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

"லவோன், எங்கம்மாவோட ஆர்கன். ஒனக்குத் தொந்தரவா இருந்தா வேணாம்."

"இதுல என்ன தொந்தரவு. அழகா இருக்கு. அங்க ஜன்னலோரமா எறக்குங்க."

அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டில் நானும் சாப்பிட உட்கார்ந்திருந்தேன்.

"கேலன், இன்னொரு ஆர்கன் வந்திருக்கு. தரை இப்பவே தொய்யுது. அதை நான் எங்க கொண்டுபோய் வைப்பேன், உன் தலையிலயா?"

"தலையில எடம் இருக்கு" என்றான் என் அண்ணன், உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே. "வாசிக்காம இருந்தா சரி."

"இருக்கும் இருக்கும், காலியாத்தானே கெடக்கு. வேலிக் கம்பி போன வாரமே கட்டறேன்னியே, கட்டினியா? கடியாரத்துக்கெல்லாம் சாவி குடுக்கறேன்னியே, குடுத்தியா? பள்ளிக்கூடப் புள்ளைங்க வந்து மணி என்னன்னு கேட்டா எந்தக் கடியாரத்தைக் காட்டறது?"

அவன் தட்டை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய்விட்டான். அந்தத் திட்டுக்குத் தப்பித்து ஷெட்டில் கிடந்த காலத்தில்தான் அந்த ரயிலைச் செய்தான். ரயில் என்றால் தண்டவாளம் எல்லாம் இல்லை. நீல பிளாஸ்டிக் பீப்பாய்களைப் படுக்க வைத்து, மேல்பக்கம் வெட்டி, உள்ளே ஒரு பலகை அடித்து, கீழே சக்கரம் மாட்டியது. முன்னால் புல் வெட்டுகிற சின்ன டிராக்டர் இழுக்கும். மியூசியத்துக்குப் பின்னால் புல்வெளியைச் சுற்றி, காட்டெருமைத் தொழுவத்து வேலி ஓரமாகப் போய், ஓடைக்கரையில் பஞ்சு பறக்கவிடும் பெரிய பருத்திமரத்தடி வரை ஒரு சவாரி. நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், இந்தக் கவுண்டிக்குக் குடும்பத்தோடு வருகிறவர்கள் மியூசியச் சுவரில் மாட்டியிருக்கும் பழைய வேலிக்கம்பிச் சேகரிப்பைப் பார்க்க வருவதில்லை. பீப்பாய் ரயிலில் ஏறத்தான் வருகிறார்கள். லவோனுக்கும் அது தெரியும், ஆனால் கேலனிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

எங்கள் ஊர்ச் சங்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தீயணைப்பு நிலையத்துக் கம்பத்தில் இருக்கிறது. தினமும் நடுப்பகலில் ஒரு மூச்சு ஊதி நிற்கும். அதுதான் சாப்பாட்டுச் சங்கு. வயலில் இருப்பவன் டிராக்டரை நிறுத்துவான், கடைக்காரன் கதவைச் சாத்துவான், நாய்கூட வீட்டுப் பக்கம் திரும்பும். என் அண்ணன் எந்த இடத்தில் ரயிலோடு இருந்தாலும் பருத்திமரத்தடிக்கு ஓட்டிப் போய் நிறுத்தி, சீட்டுக்கடியிலிருந்து தகர டப்பாவை எடுத்து, சவாரிக்காரர்களுக்கு ஆளுக்கொரு பிஸ்கட் கொடுப்பான். அவன் கட்டிய வழக்கம் அது. கூரையைப் பிய்த்துப் போகிற சுழல்காற்று வந்தாலும் ஊதுவது அதே சங்குதான். அப்போது நிற்காமல் ஊதும். அவ்வளவுதான் வித்தியாசம்.

மே மாதம், சீசனுக்குத் திறந்த முதல் சனிக்கிழமை. காலையிலிருந்தே சட்டை முதுகில் ஒட்டுகிற புழுக்கம். எந்நேரமும் வீசுகிற தெற்குக் காற்று சுத்தமாக நின்றுவிட்டிருந்தது. மேற்கே வானம் பழைய காயம் மாதிரி பச்சையும் கறுப்புமாக இருந்தது. கூட்டம் சுமார்தான். கலிபோர்னியாவிலிருந்து யோலாண்டா என்று ஒரு பெண் இரண்டு பிள்ளைகளோடு வந்திருந்தாள். ஒரு பீப்பாயில் முழங்காலை மடக்கித் திணித்துக்கொண்டு அவள், பின்னால் இரண்டில் பிள்ளைகள். கேலன் டாட்டா காட்டிவிட்டு ஓட்டிக்கொண்டு போனான்.

நாங்கள் உள்ளே சாண்ட்விச்சைப் பிரித்துக்கொண்டிருந்தோம். லவோன் கசகசா வைத்த கொலாச்சி பன் ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்திருந்தாள். சங்கு ஊதியது.

"நேரத்துக்கு ஊதறான்" என்று வெர்லின் தட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

நானும் கடித்தேன். வந்திருந்த உள்ளூர்க் குடும்பங்களும் டப்பாக்களைத் திறந்தார்கள். சங்கு ஊதிக்கொண்டே இருந்தது. ஒரு வாய் மென்று விழுங்கினேன், அப்போதும் ஊதிக்கொண்டிருந்தது. சுவர் நிறையக் கடிகாரம், ஒன்று காலை என்கிறது, ஒன்று சாயங்காலம் என்கிறது. வெர்லினும் இன்னும் இரண்டு ஆண்களும் எழுந்து கையில் சாண்ட்விச்சோடு வாசலுக்குப் போனார்கள். சங்கு நிற்கவில்லை என்றால் பாதாள அறைக்குள் போக வேண்டும் என்று எங்கள் ஊர் ஆண்களுக்குக் குழந்தையிலிருந்து சொல்லித்தான் வளர்க்கிறார்கள். ஆனாலும் அவர்கள் வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பார்கள்.

"அது வடக்கால போயிரும்" என்றார் வெர்லின்.

"எனக்கு அப்படித் தெரியலியே. மேகம் கீழ எறங்குது பாரு" என்றார் பக்கத்தில் நின்றவர்.

"அட, ஆமா. நல்லாத்தான் எறங்குது."

லவோன் எழுந்தாள். அவள் வெளியாட்களிடம் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"வெர்லின், உள்ள வாய்யா. எல்லாரும் பின்பக்கம். கிடங்குக்குள்ள. சாப்பாட்டைப் போடு கீழ."

மியூசியத்துக்குப் பின்னால் பழைய குடியேறிகள் வீடு ஒன்றைப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறோம். அதற்குப் பக்கத்தில் பூமிக்கடியில் காய்கறிக் கிடங்கு, சாய்வான மரக்கதவு போட்டது. 'தொடாதீர்கள்' பலகையைத் தள்ளிவிட்டு ஒவ்வொருத்தராக இறக்கினாள். கடைசி ஆளாக மேல்படியில் நான் நின்றேன். அவள் இறங்கவில்லை. ஓடைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. சங்கு ஊதியிருக்கிறது. கேலன் பருத்திமரத்தடிக்குப் போயிருப்பான். புல்வெளியிலேயே ஆகத் தூரமான இடம் அது. அந்தக் கலிபோர்னியாக் குடும்பத்துக்குப் பிஸ்கட் கொடுத்துக்கொண்டிருப்பான்.

"டோரீன், கதவைச் சாத்து" என்றாள்.

"நீ எங்க போற? உன் முட்டிய வச்சுக்கிட்டு?"

"சாத்துன்னு சொன்னேன். நான் வந்தாலும் சாத்து, வராட்டியும் சாத்து."

யார் வண்டிச் சாவியும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. ஓடினாள். அறுபத்தெட்டு வயசு, கனத்த உடம்பு, ஒரு முட்டி மடங்காது. வேலியைத் தாண்டுவதற்குள் பாவாடை கம்பியில் மாட்டிக் கிழிந்தது. எங்கள் அம்மாவுக்கு இவளைக் கடைசி வரை பிடிக்கவில்லை. நாங்கள் லூத்தரன் சபை, இவள் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் செக் நாட்டு வழிக் கத்தோலிக்கக் குடும்பம். அம்மா சொன்னதைக் கேட்டு நானும் பல வருஷம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவள்தான். அன்று அவள் ஓடியதைப் பார்த்தேன். அந்த ஓட்டத்தை நான் ஓடியிருப்பேனா என்று தெரியவில்லை. எனக்கு இருக்கிறது ஒரே அண்ணன், நான் படியில் நின்றுகொண்டிருந்தேன்.

கதவைச் சாத்த எனக்குக் கை வரவில்லை. வெர்லின்தான் என்னைத் தள்ளிவிட்டுச் சாத்தி, கைப்பிடியில் தொங்கினார். மேலே சரக்கு ரயில் போகிற சத்தம் என்று எல்லாரும் சொல்வார்கள், அப்படித்தான் இருந்தது. காது அடைத்தது. கதவு இரண்டு தடவை தூக்கிக்கொண்டு போகப் பார்த்தது. அலமாரியில் காட்சிக்கு வைத்திருந்த ஊறுகாய் ஜாடிகள் சரிந்து உடைந்தன. யாரோ ஒருத்தர் ஜெபம் சொல்ல ஆரம்பித்து, பாதியில் மறந்து, மறுபடி முதலிலிருந்து சொன்னார். நான் ஜெபமெல்லாம் சொல்லவில்லை. "ஆண்டவரே, அவங்க ரெண்டு பேரையும் திருப்பிக் குடுத்துரும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் சத்தம் நின்றது. மழை பெய்தது, அதுவும் நின்றது.

வெளியே வந்தோம். மியூசியத்துக் கூரை பாதி இல்லை. வெர்லினின் அம்மா ஆர்கன் புல்வெளியில் மல்லாக்கக் கிடந்தது. அதையெல்லாம் நான் பார்த்தேன், ஆனால் எதுவும் மனதில் பதியவில்லை. பருத்திமரம் நின்ற இடத்தில் வெறும் முண்டம். நீலப் பீப்பாய்கள் திசைக்கொன்றாகச் சிதறிக் கிடந்தன. டிராக்டர் தலைகீழாகக் கிடந்தது. ஒரு மனுஷ உருவம் இல்லை.

"ஒண்ணும் ஆயிருக்காது டோரீன்" என்றார் வெர்லின்.

"வாய மூடுங்க வெர்லின்."

நடந்தேன். முதல் பீப்பாயைத் திருப்பிப் பார்த்தேன், காலி. இரண்டாவது, காலி. மூன்றாவதைத் திருப்பத் தைரியம் வராமல் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் கேட்டது. ஓடைப் பக்கமிருந்து ஒரு பெண் குரல். வார்த்தை புரியவில்லை. ஆனால் அந்த ராகம் எனக்குத் தெரியும். நாற்பது வருஷமாகச் சாப்பாட்டு மேஜையில் கேட்ட ராகம்.

"திட்டறா" என்றேன். "வெர்லின், அவ திட்டறா."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவருக்கு எப்படித் தெரியும்? லவோன் ஊர்க்காரர்களை அப்படித் திட்டமாட்டாள். செத்தவர்களையும் திட்டமாட்டாள், செத்தவர்களைப் பற்றி அவள் வாயில் நல்ல வார்த்தை மட்டும்தான் வரும். இந்தப் பூமியில் ஒரே ஒருத்தனைத்தான் அவள் அப்படித் திட்டுவாள், அதுவும் அவன் எதிரில் உட்கார்ந்திருந்தால் மட்டும். நான் அங்கேயே அழுதுவிட்டேன். அழுதுகொண்டே ஓடினேன்.

ஓடைக்கு மேல் மண் ரோடு போகிறது, அதற்கடியில் பெரிய காங்கிரீட் குழாய். அதன் வாயில் யோலாண்டா இரண்டு பிள்ளைகளையும் இடுப்போடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் என்ன நடந்தது என்று கேட்பதற்குள் அவளே கொட்டினாள்.

"சாப்பாட்டு நேரம்னு சொல்லி பிஸ்கட் குடுத்தாருங்க. எனக்கு அதெல்லாம் தெரியாது. எங்க ஊர்ல சங்கு ஊதினா ஓடணும். நான் புள்ளைங்களைத் தூக்கிட்டு இதுக்குள்ள ஓடிட்டேன். அவரு, 'அம்மா, சவாரி இன்னும் பாதி இருக்கு, எறங்காதீங்க'ன்னு டப்பாவோட பின்னாலயே ஓடி வந்தாரு. அப்புறம் இந்தம்மா வந்து அவரைக் கழுத்தைப் புடிச்சு உள்ள தள்ளுனாங்க. அதுக்குள்ள வந்துருச்சு."

குழாய்க்குள் என் அண்ணன் சேற்றில் உட்கார்ந்திருந்தான். தலையெல்லாம் மண். மடியில் தகர டப்பா. எதிரில் லவோன், செருப்பு இல்லை, முட்டியில் ரத்தம்.

"வானத்தைப் பாக்க மாட்டியா நீ? கண்ணு எதுக்கு இருக்கு ஒனக்கு? நின்னுக்கிட்டு பிஸ்கட் குடுக்கிறானாம் பிஸ்கட். வேலியைக் கட்டுன்னு சொன்னேன், கட்டினியா? அதுல மாட்டித்தான் நான் விழுந்தேன். ஒரு நிமிஷம் லேட்டாயிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன் சொல்லு. யாரோட உக்காந்து நான் சாப்பிடுவேன்? உன் ரயிலுக்குத்தான் இந்த ஊருக்கே ஆளு வருது, அதாவது தெரியுமா ஒனக்கு, மடையா."

அந்த இடத்தில் குரல் உடைந்து நின்றுவிட்டது. கேலன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துக் காதைத் தட்டினான், மண்ணும் தண்ணீருமாக ஒழுகியது.

"காதுல மண்ணு அடைச்சிருச்சு" என்றான். "ஒண்ணுமே கேக்கல. முதல்லேருந்து சொல்லு."

அவள் மூக்கைக் கிழிந்த பாவாடையில் துடைத்துக்கொண்டு, வானத்தைப் பாக்க மாட்டியா நீ என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள். அவன் எழுந்து எங்கேயும் போகவில்லை. நானும் ஓடைக்கரையில் ஈரப் புல்லில் உட்கார்ந்து கடைசி வரை கேட்டேன்.