பிரம்பு நாற்காலியும் மூன்றாம் ஓலையும்

வெள்ளைக்காரன் போய்விட்டான் என்று யார் சொன்னது? பூந்தமல்லியில் எங்கள் சர்ச்சில் அவன் நாற்காலி இன்னும் இருக்கிறது. முன்வரிசையில் ஐந்து பிரம்பு நாற்காலிகள், பட்டாளத்துத் துரைமார் உட்கார்ந்தவை. அவர்கள் கப்பலேறியதும் அவர்களிடம் குமாஸ்தாவாக இருந்த ஐந்து குடும்பங்கள் அதில் உட்கார்ந்தன. இன்றுவரை எழுந்திருக்கவில்லை. கமிட்டித் தேர்தலில் யார் நின்றாலும் அந்த ஐந்து குடும்பத்து ஆள்தான் முன்மொழிய வேண்டும். எங்கள் பாட்டன்மார் துரைமாரின் குதிரைக்குப் புல் அறுத்தவர்கள். எங்களை யார் முன்மொழிவார்கள்? எங்களுக்குக் கடைசி பெஞ்சு.

போன மாதம் என் மகள் கல்யாணத்துக்கு ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறு ஆராதனையில் மணமக்கள் பெயரைப் படித்து, தடை இருப்பவர் எழுந்து நிற்கலாம் என்பார் போதகர். மூன்றும் முடிந்தால்தான் சர்ச்சில் தாலி. பத்திரிகை கொடுத்தாகிவிட்டது, கரையான்சாவடியில் மண்டபமும் பேசியாகிவிட்டது.

மூன்றாம் ஞாயிறு என் மனைவி நேராகப் போய் பிரம்பு நாற்காலி ஒன்றில் உட்கார்ந்துவிட்டாள். அது கமிட்டிச் செயலாளருடையது. அவர் வழக்கம்போலத் தாமதமாக வந்தார், பார்த்தார், நேரே என்னிடம் வந்தார்.

"உன் சம்சாரத்த எழுப்புப்பா. இல்லாட்டி இன்னிக்கு ஓலை கிடையாது."

ஓடினேன். அவள் அசையவில்லை.

"இன்னா பண்ண சொல்ற? ஆபரேஷன் பண்ண முட்டி. அந்தக் குட்ட பெஞ்சுல குந்துனா எந்திரிக்க முடியாது. நான் இங்கயேதான் கீறேன்."

கோபம் வந்தது. மகள் கல்யாணத்தைவிட முட்டி பெரிதா? ஆனால் கட்டுப்போட்ட அந்தக் காலைப் பார்த்ததும் திரும்பி வந்தேன். செயலாளர் முன்னால் போய் அவள் பக்கத்தில் விறைப்பாக நின்றுகொண்டார். மற்ற நான்கு நாற்காலிக்காரர்களும் அவளை முறைத்தார்கள்.

போதகர் காகிதத்தை எடுத்தார். செயலாளர் கையை உயர்த்தித் தடுத்ததை அவர் கவனித்தாரோ இல்லையோ, என் மகள் பெயரைப் படித்துவிட்டார்.

"தடை இருப்பவர் எழுந்து நிற்கலாம்."

சர்ச் முழுக்க நின்றுகொண்டிருந்தது ஒரே ஒருவர். எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. மகள் என் கையை நகம் பதியப் பிடித்தாள்.

போதகர் கண்ணாடியைக் கழற்றினார். "ஐயா தடை சொல்லத்தான் நிற்கிறீர்களா? காரணத்தைச் சபைக்குச் சொல்லுங்கள்."

செயலாளர் வாயைத் திறந்தார். கால் முடியாத ஒருத்தி என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள் என்று எப்படிச் சொல்வது?

"இல்லை" என்றார்.

"அப்படியானால் உட்காருங்கள்."

கடைசி பெஞ்சில் எனக்கு அப்பால் என் மனைவி வழக்கமாக உட்காரும் இடம்தான் காலியாக இருந்தது. செயலாளர் கடைசிவரை நடந்து வந்து என் பக்கத்தில் நின்றார்.

"கொஞ்சம் தள்ளி உக்காருப்பா" என்றார்.

நான் தள்ளவில்லை.