பெட்டியில்லாத ரோபோ

யுத்தத்தின் கடைசி வருடங்களில் என் தம்பிக்காகக் கடைக்குப் போவது என் வேலையாக இருந்தது. அவனுக்கு இருபது வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தான். அந்த வயதுப் பிள்ளை வெளியே போனால் திரும்பி வரும்வரை திருகோணமலையில் எந்தத் தாய்க்கும் சோறு இறங்காது. ஒரு விடியற்காலை இராணுவச் சுற்றிவளைப்பில் அவனையும் முகாமுக்கு ஏற்றிக்கொண்டு போய், இரண்டு இரவு வைத்திருந்துவிட்டு விட்டார்கள். அடித்தார்களா என்று நாங்கள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவன் வாசல் படலையைத் தாண்டவே இல்லை. அப்பா முன்பே காலமாகிவிட்டதால், அவனுக்கு வேண்டிய சவரப் பிளேட், சவர்க்காரம், செருப்பு எல்லாவற்றையும் நானோ அம்மாவோதான் வாங்கி வந்தோம். எங்கள் ஒழுங்கையில் பல வீடுகளில் அதே கதைதான். வீட்டு ஆண்களின் கால் அளவை நூலில் அளந்து கைப்பைக்குள் போட்டுக்கொண்டு செருப்புக் கடைக்குப் போன பெண்கள் பலரை எனக்குத் தெரியும்.

செருப்பு வாங்குவது பெரிய காரியமில்லை. என் தம்பிக்கு வேண்டியிருந்ததுதான் தொல்லை. பின்னேரங்களில் சிங்களத் தொலைக்காட்சியில் ஜப்பான் கார்ட்டூன் போடுவார்கள். பெரிய கண்ணுள்ள ஜப்பான் பெடியன்கள் சிங்களத்தில் சண்டை பிடிப்பார்கள், இவன் எங்கள் வீட்டுக் கதிரையில் வாயைப் பிளந்துகொண்டு இருந்து பார்ப்பான். பிறகு அந்த ஆட்களின் ஸ்டிக்கர் வேண்டும், போஸ்டர் வேண்டும், சாவியில் கொழுவுகிற பொம்மை வேண்டும். நான் புறப்படும்போது படலைவரை வந்து பாடம் எடுப்பான்.

"அக்கா, நீல முடி. வலப்பக்கத்தில ஒரு வெள்ளைக் கீற்று இருக்கோணும். கீற்று இல்லாட்டி அது வேற ஆள், கேட்டீங்களோ?"

நான் பாலர் பாடசாலை ஆசிரியை. கடைத்தெருவில் பத்துப் பேர் நடுவில் நின்று, "நீல முடி, வெள்ளைக் கீற்று" என்று கேட்பது எனக்குப் பெரிய வெட்கக்கேடாக இருந்தது. ஒருமுறை கீற்று இடப்பக்கம் இருந்த போஸ்டரை வாங்கி வந்துவிட்டேன். அவன் அதைச் சுருட்டி அலுமாரிக்குப் பின்னால் வைத்த விதத்தைப் பார்த்து, அன்று முழுக்க அவனோடு கதைக்கவில்லை.

கடை துறைமுகப் பக்கம் இருந்தது. கடைக்கார நானா மூதூரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த முஸ்லிம் மனிதர். பாதை திறந்திருந்தால் கொழும்பிலிருந்து சரக்கு வரும், இல்லாவிட்டால் இருக்கிற பேனைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருப்பார். அவருடைய கண்ணாடி அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பெரிய பெட்டி வெகுநாளாக இருந்தது. பெட்டியின் மேல் ஒரு சிவப்பு ரோபோவின் படம். உள்ளே துண்டு துண்டாக இருக்குமாம், நாமே பொருத்த வேண்டுமாம். ஜப்பானில் செய்தது, ஒருவரும் வாங்குகிறார்களில்லை என்று நானா சலித்துக்கொள்வார். இதைப் போய் வீட்டில் சொன்னது நான்தான். அன்றிலிருந்து நான் கடைக்குப் போய் வரும்போதெல்லாம் தம்பி ஒரே கேள்வி கேட்டான்.

"இன்னும் இருக்கோ?"

வாங்கித் தாங்கோ என்று ஒருநாளும் கேட்கவில்லை. முன்பெல்லாம் பற்பசைப் பெட்டியையும் நூல்கட்டையையும் வைத்து அவனே ரோபோ செய்வான். இராணுவ முகாமிலிருந்து வந்த பிறகு அதையும் விட்டுவிட்டான். அவன் இன்னும் ஆசைப்பட்டுக்கொண்டிருந்த பொருள் உலகத்தில் அது ஒன்றுதான் போலிருந்தது. சம்பளம் கிடைத்த கையோடு போய் அந்தப் பெட்டியை இறக்கித் தரச் சொன்னேன்.

நானாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தூசி தட்டி மேசையில் வைத்தவர் உடனே கத்தரிக்கோலை எடுத்தார்.

"பெட்டியோட போனீங்கண்டா சென்றில கிழிச்சுப் பார்ப்பானுகள் தங்கச்சி. நான் கழட்டித் தாறன். உள்ளுக்குள்ள இருக்கிறது வெளியில தெரிஞ்சா ஒரு கரைச்சலும் இல்லை."

அது அவர் கண்டுபிடித்த புத்தியில்லை. ஊரே அப்படித்தான் சாமான் கொண்டு திரிந்தது. சென்றி என்று நாங்கள் சொன்ன சோதனைச் சாவடிகளில் கட்டிய பார்சலையும் ஒட்டிய பெட்டியையும் கண்டால் விடமாட்டார்கள். ஆகவே கலியாணச் சேலையைக்கூட உறையிலிருந்து எடுத்து, கண்ணாடி போன்ற சொப்பிங் பையில் போட்டுத்தான் கொண்டு போவோம். நானும் தலையாட்டினேன். அவர் பெட்டியைப் பிரித்து, துண்டுகளையும் விளக்கத் தாளையும் பையில் போட்டுத் தந்துவிட்டு, வெறும் பெட்டியை வாசலில் எறிந்தார். எங்கள் ஊர்த் தெருக்களில் மாடு போலத் திரியும் மான்களில் ஒன்று வந்து சிவப்பு ரோபோவின் தலைப்பக்கம் கடித்துப் பார்த்தது. நான் சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்குப் போனேன்.

சென்றியில் எல்லோரும் இறங்கி வரிசையில் நின்றோம். பெண்களின் பைகளைப் பார்க்க ஒரு பொலிஸ்காரி இருந்தாள், என் வயதுதான் இருக்கும். என் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். அப்போதுதான் என் கையில் இருந்தது எப்படித் தெரிகிறது என்று எனக்கும் உறைத்தது. பிளாஸ்டிக் சட்டங்களில் ஒட்டியிருந்த, இன்னும் சிவப்புப் பூசாத நூறு சாம்பல் நிறத் துண்டுகள். சின்னச் சின்ன ஸ்பிரிங். ரோபோவின் நெஞ்சில் எரிவதற்கான ஒரு குட்டி பல்ப், அதிலிருந்து தொங்கிய இரண்டு வயர். எது எதற்குள் போகும் என்று அம்புக்குறி போட்ட படங்கள், விளங்காத எழுத்து. இது விளையாட்டுச் சாமான் என்பதற்கு இருந்த ஒரே சாட்சியை மான் தின்றுகொண்டிருந்தது.

பொலிஸ்காரி திரும்பி ஆமிக்காரர்களில் பெரியவரைக் கூப்பிட்டாள். அவர் வந்து பையை மேசையில் கொட்டினார். வயரை விரலால் தூக்கினார்.

"இது என்ன?" என்று தமிழில் கேட்டார்.

"பொம்மை. ரோபோ. துண்டுகளைச் சேர்த்துப் பூட்டோணும்."

"யாருக்கு?"

தம்பிக்கு என்றால் அடுத்த கேள்வி அவனுடைய வயது. அதற்கடுத்தது எங்கே இருக்கிறான். அதற்கடுத்து ஜீப் எங்கள் படலையில் நிற்கும். இவ்வளவும் ஒரு நொடியில் மண்டைக்குள் ஓடி முடிந்தது.

"எனக்கு," என்றேன். "நான் பாலர் பாடசாலை டீச்சர். பிள்ளையளுக்குக் காட்டுறதுக்கு."

"வீட்டில் யார் யார்?"

"அம்மாவும் நானும்."

வாயிலிருந்து வந்த பிறகுதான் நினைவு வந்தது. வீட்டு ஆட்களின் விபரத்தை இராணுவத்திடம் பதிந்து கொடுத்திருந்தோம், அதில் அவன் பெயரும் இருந்தது. ஒருவர் போய்ப் புரட்டினால் போதும். பெரியவர் என்னையும் வயரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு கதிரையை என் பக்கம் காலால் தள்ளிவிட்டார்.

"பூட்டிக் காட்டு."

என் வாழ்க்கையில் நான் பொருத்தியது சட்டைப் பொத்தானும் அரைக்கிற மிக்சரின் மூடியும்தான். ஆனால் ஜப்பான் எழுத்துக்கு நடுவே இலக்கங்கள் நாங்கள் எழுதுகிற மாதிரியே இருந்தன. ஒன்றாம் இலக்கத் துண்டைத் தேடினேன். சட்டத்திலிருந்து கழற்ற முடியாமல் பல்லில் வைத்தேன். பொலிஸ்காரி தன் பையிலிருந்து ஒரு நகவெட்டியை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

அவசரத்தில் முதல் துண்டுகள் கீழே விழுந்தன. மண்ணில் தேடி எடுத்தேன். பஸ்ஸில் வந்தவர்கள் சோதனை முடிந்து ஏறி இருந்துகொண்டு யன்னலால் பார்த்தார்கள். என்னை விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்று ஒரு பயம், ஆனால் சாரதி எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி மரத்தடியில் குந்தினார். அந்த மனிதருக்கு நான் இன்றுவரை நன்றி சொல்லவில்லை. நெஞ்சுப் பகுதி வந்தது. பல்பை அதற்குள் வைத்து வயரை மறைத்ததும் மேசையைச் சுற்றி நின்றவர்களின் தோள் கொஞ்சம் தளர்ந்ததைக் கண்டேன். தலையைப் பூட்டியபோது ஒரு இளம் ஆமிக்காரன் துப்பாக்கியை முதுகுக்குத் தள்ளிவிட்டுக் குனிந்து, இடது காலின் துண்டுகளை எடுத்துத் தானே பொருத்தத் தொடங்கினான். பெரியவர் அவனை ஏசவில்லை.

எல்லாம் பூட்டி முடிக்கும் நேரத்தில் கடைசிப் படத்தைப் பார்த்தேன். ரோபோவின் வலது கையில் ஒரு துவக்கு, குட்டித் துப்பாக்கி. சட்டத்தில் மிஞ்சியிருந்ததும் அந்தத் துண்டுதான், விரல் நீளத்துக்கு, பார்த்த உடனேயே துவக்கு என்று தெரிகிற மாதிரி. அதை எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் இருந்தபோது பொலிஸ்காரி என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள், சட்டத்தைப் பார்த்தாள். விளக்கத் தாளை நாலாக மடித்து என் பைக்குள் போட்டாள். துவக்கு இருந்த சட்டத்தை எடுத்துத் தன் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

ரோபோவை மேசையில் நிறுத்தினேன். ஒரு பக்கம் சரிந்தது, ஆனால் நின்றது. பெரியவர் அதை ஒரு விரலால் தட்டிப் பார்த்துவிட்டுக் கையை அசைத்தார்.

"போ, டீச்சர்."

பஸ்ஸில் ஏறியதும் ஒரு அம்மா தன் இடத்தை எனக்குத் தந்தார். ரோபோவை மடியில் வைத்துக்கொண்டு, வீடு வரும்வரை கடலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு அழகான கடலை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வீட்டில் ரோபோவைக் கையில் வாங்கியவுடன் தம்பியின் முகம் சுண்டிப்போனது. தானே பூட்டவேண்டும் என்று கனவு கண்டவனிடம் பூட்டியதைக் கொண்டுவந்து கொடுத்தால் வேறெப்படி இருக்கும்? எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். சொல்லி முடிந்ததும் அவன் கேட்டான்.

"ஆருக்கெண்டு சொன்னனீங்கள்?"

"எனக்கெண்டு."

"வீட்டில ஆரெண்டு கேட்டவையோ?"

"ஓம். அம்மாவும் நானும் எண்டு சொன்னனான்."

குசினியில் தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது. தம்பி ரோபோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். தன்னை இல்லையென்று சொன்னதற்கு என்ன நினைக்கிறானோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

"இந்தக் கால் ஆர் பூட்டினது?"

"ஒரு ஆமிக்காரன்."

"பின்பக்கம் முன்னுக்கு நிக்குது," என்றான். சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினான். முகாமிலிருந்து வந்த பிறகு அவன் சிரித்து நான் கேட்டதில்லை. என்னால் தாங்க முடியவில்லை, அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதேன். சென்றியில் வராத கண்ணீர் முழுக்க அப்போதுதான் வந்தது, எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்ல முடியாது.

அம்மா சாப்பிடக் கூப்பிட்டபோது தம்பி ரோபோவைக் கழற்றித் துண்டுகளை மேசையில் பரப்பியிருந்தான். தன் சோற்றுக் கோப்பையை அம்மா எடுப்பதைக் கண்டு தலையை நிமிர்த்தாமலே சொன்னான்.

"எனக்கேனம்மா சோறு? நான்தான் இந்த வீட்டில இல்லையே."

அம்மாவின் கை அப்படியே நின்றது. நான் எழுந்து போய் அகப்பையை அவர் கையிலிருந்து வாங்கினேன். அவன் கோப்பையில் சோற்றைப் போட்டேன். இன்னும் போட்டேன்.

"இல்லாத ஆளுக்கு இது காணுமோ?" என்று கேட்டேன்.

"காணாது," என்றான் தம்பி. "இன்னும் கொஞ்சம் போடுங்கோ."