எல்லோரும் பதில் சொல்லும் மண்டபம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்குப் பெரம்பலூரில் அரியலூர் பஸ் ஏறினேன். மடியில் என் மகள் இனியா. தோள்பையில் அவளுக்கு மாற்றுத்துணி, ஃபிளாஸ்கில் வெந்நீர், பிஸ்கட், காய்ச்சல் மருந்து. ஒரு நாள் பயணத்துக்கு இவ்வளவு வேண்டுமா என்று பஸ் நகர்ந்த பிறகு தோன்றியது. அடுத்த நிமிடமே, வெயிலுக்குத் தொப்பி எடுக்க மறந்துவிட்டோமே என்ற கவலை. டிக்கெட் முப்பது ரூபாய். தூரமும் ஏறக்குறைய அத்தனை கிலோமீட்டர்தான்.

இனியாவுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. காது நன்றாகக் கேட்கிறது, கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்றார் மருத்துவர். சிறுவாச்சூர் அம்மனுக்கு வேண்டிக்கொள்ளச் சொன்னார் மாமியார். குவைத்தில் இருக்கும் கணவர் வீடியோ காலில், "அதெல்லாம் பேசிடுவா, விடு" என்பார். எனக்கு ஆறுதலாக இருந்தது போனில் கிடைத்த அம்மாக்கள் குழு ஒன்றுதான். "பயமா இருக்கு" என்று எழுதினால் போதும். "இருக்கேன்", "இருக்கேன்" என்று வரிசையாகப் பதில் வந்து விழும். வேண்டுதலை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிய நான், அந்தப் பதில்களைத் தினமும் எடுத்துப் படித்துவிட்டுத்தான் தூங்குவேன்.

ஆண்டுக்கு ஒருமுறை அவர்கள் நேரில் கூடுவார்கள். கூடலுக்கு வந்துபோன பிறகு பேச ஆரம்பித்த குழந்தைகள் உண்டு என்று பலர் எழுதியிருந்தார்கள். அதை நம்பித்தான் கிளம்பினேன்.

அரியலூர் நெருங்க நெருங்கச் சாலையோர மரங்கள் வெளுத்துக்கொண்டே வந்தன. சுண்ணாம்புக்கல் லாரிகள் போய்வரும் பாதை. இலைகள் மாவில் புரட்டி எடுத்தது போல இருந்தன. பஸ் நிலையத்திலிருந்து செந்துறைச் சாலையில் ஆட்டோ பிடித்தேன். இருநூறு ரூபாய் கேட்டார். பேரம் பேசியிருக்கலாமோ என்று யோசிப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

"அந்த அம்மாமாரு கூட்டத்துக்குங்களா?" என்றார் ஓட்டுநர்.

"ஆமாண்ணா. உங்களுக்குத் தெரியுமா?"

"போன வருசமும் நான்தான் சவாரி ஓட்டினேன். கோயிலா, கம்பெனியா, ஒண்ணும் புரியலம்மா. வரையில வண்டியில கத்திக் கூப்பாடு போட்ட புள்ளைங்க, திரும்பையில சத்தமே காட்டல." சிரித்தார். "எங்க வூட்டுக்காரியையும் ஒரு நாளு அனுப்பி வைக்கலாம்னு பாக்குறேன்."

நானும் சிரித்தேன். இனியா மட்டும் வெளியே, வெள்ளைப் புழுதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது ஊரைத் தாண்டித் தனியாக நிற்கும் ஒரு கல்யாண மண்டபம். பின்னால் கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் குழி. ஒரு காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் கடலாம். வாசலில் கொட்டிக் கிடந்த கற்களில் சிப்பிகள் அப்படியே பதிந்திருந்தன.

உள்ளே நாற்பது பெண்கள் இருப்பார்கள். எல்லோர் பக்கத்திலும் குழந்தைகள். ஒரு குழந்தைகூட அழவில்லை. மாப்பிள்ளை, பெண் உட்காரும் மேடையில் ஒரு பெரிய ஃபிளக்ஸ் படம் வைத்திருந்தார்கள். சென்ற ஆண்டுக் கூடலில் எடுத்த குழுப்படம். அதற்கு ரோஜா மாலை சாத்தியிருந்தது. உள்ளே வந்த ஒவ்வொருவரும் அதன்முன் கண்மூடி நின்றார்கள். தங்கள் முகமே அந்தப் படத்தில் இருக்கிறது என்பது அவர்களுக்கு வித்தியாசமாகப் படவில்லை. எங்கள் வீட்டில் மாலை போட்ட படம் என்றால் அது இறந்துபோனவர் படம். இப்படியெல்லாம் நினைக்கக் கூடாது என்று என்னை நானே அதட்டிக்கொண்டு, நானும் கண்ணை மூடினேன்.

குழுவை நடத்தும் சுதா வந்து கையைப் பிடித்துக்கொண்டார். என் வயதுதான் இருக்கும். "வாங்க இனியா அம்மா. ஆனா அப்படிக் கூப்பிடறது இதோட சரி. சாயங்காலம் வரைக்கும் யாரும் யாருக்கும் தனி அம்மா கிடையாது."

முறையை விளக்கினார். குழந்தையை வேறொருத்தியிடம் கொடுத்துவிட வேண்டும். எந்தக் குழந்தை "அம்மா" என்றாலும் எல்லோரும் ஒரே குரலில் "இருக்கேன்" சொல்ல வேண்டும். பக்கத்தில் இருப்பவள்தான் தூக்க வேண்டும். பெற்றவள் நகரக் கூடாது.

இனியாவை வாங்கிக்கொண்டவள் செல்வி. உடையார்பாளையத்துக்காரி. "உங்க குரலு எனக்கு நல்லாத் தெரியுங்க. வாய்ஸ் மெசேஜ்ல ஒரு நாளு அழுதீங்கல்ல, அன்னைக்கு நானும் சோறு திங்கல" என்றாள்.

"உங்க குழந்தை எதுங்க?" என்றேன்.

"அதெல்லாம் இன்னைக்குக் கேக்கப்படாதுங்க" என்று சிரித்தபடி கூடத்தைப் பார்த்தாள். அவள் கண் ஒவ்வொரு குழந்தையாகத் தாண்டிப் போனது. எதிலும் நிற்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் ஒரு பையன் சாதாரணமாக "அம்மா" என்றான். "இருக்கேன்" என்று கூடம் முழுவதும் ஒலித்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சாம்பார் சாதத்தை அள்ளினான். அடுத்தடுத்து வேறு குழந்தைகள் கூப்பிட்டபோது என் வாயும் தானாகச் சேர்ந்துகொண்டது. அது எனக்குப் பிடித்திருந்தது. தனியாக ஒரு குழந்தைக்குப் பொறுப்பாக இருக்கும் பாரம் அந்த நேரம் நெஞ்சில் இல்லை.

மூன்று மணி வாக்கில் எல்லோரும் குழியோரம் நடந்தோம். கம்பிவேலிக்கு அப்பால், ஆழத்தில், அசையாத பச்சைத் தண்ணீர். செல்வியின் கையைப் பிடித்து நடந்த இனியா கல் தடுக்கி விழுந்தாள். முழங்கால் சிராய்த்துவிட்டது. வாயைத் திறந்தாள்.

"அம்மா!"

தெளிவாக, முழுதாக. இரண்டு வருடமாக நான் காத்திருந்த வார்த்தை.

"இருக்கேன்."

நாற்பது குரல்களும் ஒன்றாக. அதில் என் குரலும் இருந்தது. கால் நகரவில்லை, வாய்தான் முந்திக்கொண்டது. குழிக்குள் இறங்கிய அந்தச் சொல் பாறையில் பட்டுத் திரும்ப மேலே வந்தது. இனியா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். என் முகத்துக்கு வந்தாள். தாண்டிப் போனாள். அழுகை சட்டென்று நின்றது.

"பேசிட்டா, பேசிட்டா!" என்று கைதட்டினார்கள். "சொன்னோம்ல?" என்றார் சுதா. அவர் கண்கள் உண்மையாகவே கலங்கியிருந்தன.

நான் ஓடிப்போய் இனியாவைத் தூக்கினேன். கைதட்டல் அடங்கியது.

"இன்னும் சாயங்காலம் ஆகலீங்களே" என்றாள் செல்வி.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க. போயிட்டு வரேன்."

யாரும் தடுக்கவில்லை. செல்வி வாசல் வரை என் பையைத் தூக்கி வந்தாள். "குழுவுல மட்டும் இருங்க. ஒண்டியா வளக்க முடியாதுங்க" என்றாள். அது உண்மை. அவர்கள் கொடுக்க நினைத்ததை வாங்கிக்கொண்டு நான் மரியாதையில்லாமல் ஓடுகிறேனோ என்று ஆட்டோவுக்காகச் சாலையில் நின்றபோதுகூடத் தோன்றியது.

திரும்பும் பஸ்ஸில் நல்ல கூட்டம். இனியா முன் சீட்டுப் பெண்ணின் தோளைத் தட்டி "அம்மா" என்றாள். அந்தப் பெண் பூரித்துப்போனாள். "என்னடி தங்கம்?" அடுத்துப் பூக்கூடையோடு நின்றவரைப் பார்த்து "அம்மா" என்றாள். "யாரப் பாத்தாலும் அம்மாங்குதே! வூட்டுல சோறு போடுறீங்களா இல்லையா?" என்று அவர் கேலி செய்ய, சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

பிறகு இனியா என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா."

"இருக்கேன்டா" என்றேன். "அம்மா இருக்கேன்."

அவள் என் மடியில் உட்கார்ந்தபடியே தலையைச் சாய்த்து, மீதிக் குரல்களுக்காகக் காத்திருந்தாள்.