வீட்டோடு இருப்பது யார்

மகளுக்கு ஒரு வயது முடிந்த சமயத்தில் நாங்கள் மூன்று பேரும் மூன்று ஊர்களில் இருந்தோம். நான் நாமக்கல்லில் ஒரு கோழித் தீவன மில்லில் தரம் பார்க்கும் லேபுக்குப் பொறுப்பாளன். மனைவிக்கு மேட்டூர் அனல்மின் நிலையத்தில் உதவிப் பொறியாளர் வேலை கிடைத்து, குவார்ட்டர்ஸும் கொடுத்திருந்தார்கள். குழந்தை ராசிபுரத்தில் மாமியார் வீட்டில் இருந்தாள். முன்பு தறி ஓடிய அந்த வீட்டுக் கூடத்தில் இப்போது சேலைக் கட்டுகள் அடுக்கியிருக்கும். அந்தக் கட்டுகளைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நடை பழகினாள். அவள் முதல் அடி வைத்ததை நான் நாமக்கல்லிலும் மனைவி மேட்டூரிலும் போனில் பார்த்தோம்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் ராசிபுரத்தில் கூடுவோம். அப்படி ஒரு ஞாயிறு, மனைவி வாசலிலேயே பையை வைத்துவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினாள். குழந்தை அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு மாமியாரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"இப்பத்தான் தூங்கி எந்திரிச்சா, அதான்" என்றார் மாமியார்.

மனைவி பையை எடுத்து உள்ளே வைத்தாள். சாப்பிட்டாள், தட்டைக் கழுவி வைத்தாள். கிளம்பும்போது குழந்தையின் காலை மட்டும் தொட்டுவிட்டு வந்தாள்.

பஸ் ஸ்டாண்டில் நாமக்கல் பஸ் நின்றுகொண்டிருந்தது. அவள் ஏற வேண்டிய சேலம் பஸ் இன்னும் வரவில்லை.

"நான் ரிசைன் பண்ணிடறேன்" என்றாள்.

"கவர்மெண்ட் வேலையையா? அதுக்கு எத்தனை பரீட்சை எழுதுனே?"

"வேற என்னதான் பண்றது, சொல்லுங்க."

என் பஸ்ஸின் கண்டக்டர் ஏறச் சொல்லிச் சத்தம் போட்டார். "நான் விட்டுடறேன்" என்றேன்.

அன்றைக்கு முதல் தடவையாக அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"நெசமாத்தான் சொல்றீங்களா?"

"நெசமாத்தான்."

"ஒரு மாசத்துல பொலம்பக் கூடாது."

"பொலம்ப மாட்டேன்."

ஒரு மாதம்கூட ஆகவில்லை, புலம்பினேன்.

அவள் சம்பளம் என்னுடையதைவிட அதிகம், நிரந்தரமானதும்கூட. அதனால் கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் நான் கணக்குப் பார்த்து அப்படிச் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க மில்லில் லாரிகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். மக்காச்சோளத்தில் குத்தூசியை இறக்கிச் சாம்பிள் எடுப்போம். ஈரம் அதிகமென்றால், பூஞ்சை வாடை வந்தால், எத்தனை தூரத்திலிருந்து வந்த லாரியானாலும் நான் வேண்டாமென்று சொன்னால் தார்ப்பாயை மூடிக்கொண்டு போக வேண்டியதுதான். அவ்வளவு பெரிய லாரிகளையே சமாளிக்கிறவனுக்கு இந்தச் சின்னக் குழந்தையா பெரிது என்று நினைத்திருப்பேன்.

மில் முதலாளியிடம் சொன்னபோது அவருக்கு முதலில் விளங்கவில்லை.

"ஏனுங்க, சம்பளம் பத்தலீங்களா?"

"அதில்லீங்க. கொழந்தையப் பாத்துக்கோணும்."

"நீங்களா?" என்று கேட்டுவிட்டு, சாட்சிக்கு ஆள் வேண்டும் என்பதைப் போலக் கணக்கர் பக்கம் திரும்பினார். பிறகு, "சரி, போயிட்டு வாங்க. எப்படியும் திரும்பி வந்துருவீங்க" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே எனக்கு ஆறுதல் சொன்னார்.

மேட்டூர் குவார்ட்டர்ஸுக்கு வந்த முதல் வாரம் குழந்தை ஒவ்வொரு அறையாகப் போய் "அம்மாயி, அம்மாயி" என்று பாட்டியைத் தேடினாள். கதவுக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தாள். மனைவி ஷிப்டுக்குப் போனபின் அவளைத் தூக்கிக்கொண்டு குடியிருப்பைச் சுற்றுவேன். தூங்கிவிட்டால் படுக்கவைப்பேன். அவள் எழுந்ததும் மறுபடி சுற்றுவேன். எனக்கு உட்காரவே முடியவில்லை. உட்கார்ந்தால் மில்லில் இந்நேரம் என்ன லாரி வந்திருக்கும் என்ற நினைப்பு வந்துவிடும்.

பக்கத்து வீட்டம்மாவின் கணவர் மின் நிலையத்தில் பிட்டர் வேலை பார்ப்பவர். அந்த அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "லீவுங்களா?" என்பார். "ஆமாங்க, லீவு" என்பேன். ஒருநாள், "இன்னும் லீவு முடியலீங்களா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அவர் தண்ணீர் பிடிக்க வரும் நேரத்தில் நான் வெளியே போவதைத் தவிர்த்தேன்.

என் இடத்துக்கு வந்த பையனிடமிருந்து ஆரம்பத்தில் தினமும் போன் வரும். "சார், ஈரம் கொஞ்சம் தூக்கலா இருக்குது, எறக்கலாமுங்களா?" என்று கேட்பான். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடி, எந்த ஊர் சோளம், எப்போது ஏற்றியது, அடி மூட்டையில் சாம்பிள் எடுத்தாயா என்று விலாவாரியாகக் கேட்பேன். கொஞ்ச நாளில் அவனுக்கே பழகிவிட்டது. போன் வருவது குறைந்து, பிறகு நின்றது. நானாகக் கூப்பிட்டபோது, "எல்லாம் நல்லா போகுதுங்க சார்" என்றான். அந்த நல்ல செய்தி எனக்கு ஏனோ பிடிக்கவில்லை.

அணைப் பூங்காவில் ஒருநாள் மகளுக்கு மக்காச்சோளக் கருது வாங்கினேன். கை பழக்கத்தில் ஒரு மணியை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, "ஈரம் ஜாஸ்தியா இருக்குதுங்களே" என்று சொல்லிவிட்டேன்.

"வேக வெச்ச கருதுல ஈரம் இல்லாம என்னங்க இருக்கும்?" என்றார் விற்கிறவர். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். மகளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் வீடு வரும்வரை அது உறுத்திக்கொண்டே இருந்தது.

எருமப்பட்டியிலிருந்து அம்மா ஒருநாள் சொல்லாமல் வந்தாள். நான் வாசல் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கையில் இருந்தது மனைவியின் சுடிதார். அம்மா பையைக் கீழே வைத்துவிட்டு நேராக வந்து வாளியைப் பிடுங்கினாள்.

"குடு இங்க. தெருவே பாக்குது."

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டம்மா வெளியே வந்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவாகவே ஆரம்பித்தாள். "என்ற பையனுக்குக் கம்ப்யூட்டர்ல வேலைங்க. ஊட்டுல இருந்தே பாக்கறான். இப்பெல்லாம் அப்படித்தானுங்களே?"

பக்கத்து வீட்டம்மா என்னைப் பார்த்தார். நான் கொடியைப் பார்த்தேன்.

உள்ளே வந்ததும், "ஏம்மா பொய் சொன்னே?" என்றேன்.

"பின்ன என்னன்னு சொல்லட்டும் சாமி? பொண்டாட்டி சம்பாரிக்கறா, இவன் புள்ள பாக்கறான்னு சொல்லட்டுமா?"

"ஆமா. அதுதான நடக்குது."

அம்மா பேத்தியை மடியில் இழுத்து உட்காரவைத்து முறுக்கை உடைத்துக் கொடுத்தாள். கோபம் தணியாமலேயே பேசினாள். "நீ கைக்கொழந்தையா இருக்கையில வேப்பமரத்துல தூளி கட்டிப் போட்டுட்டு வெங்காயக் காட்டுல களை வெட்டுனேன். எறும்பு ஏறி நீ கத்துனா ஓடி வருவேன், திரும்ப ஓடுவேன். ஊட்டுல இருக்கறியா, வேலைக்குப் போறியான்னு என்னைய யாருடா கேட்டா? உங்களுக்கு அது ஒரு பெரிய யோசனையா இருக்குது. இருந்தும் ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டுத்தான் இருக்கறீங்க."

சாயங்கால பஸ்ஸில் கிளம்பிவிட்டாள். அவள் சொன்னதில் எனக்கு ஆறுதல் எதுவும் கிடைக்கவில்லை. அவள் கொடுத்த கம்ப்யூட்டர் வேலைதான் தங்கியது. மறுவாரம் பக்கத்து வீட்டம்மா வந்து, ரேஷன் கார்டில் மகன் பெயர் சேர்ந்துவிட்டதா என்று கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்லச் சொன்னார். பார்த்துச் சொன்னேன். அப்புறம் குடியிருப்பில் பாதிப் பேருக்கு நான்தான் கரண்டு பில் கட்டினேன்.

இப்படியே ஒரு வருஷம்போல ஓடியது. மகள் நன்றாகத்தான் இருந்தாள். சடை போட என்னிடம் மட்டும்தான் தலையைக் கொடுப்பாள். நான் ஊட்டினால்தான் ரசம் சாதம் இறங்கும். இதையெல்லாம் நான் பெருமையாக மனைவியிடம் சொல்வேன். அவள் கேட்டுக்கொள்வாள். அவள் எப்படிக் கேட்டுக்கொள்கிறாள் என்று நான் கவனித்ததில்லை.

ஒருநாள் காலை ஷிப்டு முடிந்து மனைவி வந்து வராந்தாவில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஓடி வந்த மகள் படியில் தடுக்கி விழுந்தாள். தாடையில் லேசாக ரத்தம். மனைவி பக்கத்திலேயே இருந்தாள். குனிந்து தூக்கப் போனாள். குழந்தை அவள் கையைத் தள்ளிவிட்டு, "அப்பா" என்று கத்திக்கொண்டு சமையலறையில் இருந்த என்னிடம் ஓடி வந்தாள்.

ரத்தத்தைத் துடைத்து மருந்து வைக்கிற வரை மனைவி அங்கேயே நின்றாள். பிறகு குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. வெளியே வந்தபோது முகம் வீங்கியிருந்தது.

"ராசிபுரத்துல எங்கம்மாகிட்ட இருந்தப்பவும் அப்படித்தான். இங்க வந்தும் அப்படித்தான். ஆளுதான் மாறியிருக்குது" என்றாள்.

"கொழந்தைக்கு என்ன தெரியும்?"

"கொழந்தைக்குத்தான் தெரியும்." துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "நீங்க வேலைக்குப் போங்க. உங்களுக்கும் இங்க இருப்புக் கொள்ளல, எனக்குத் தெரியும். நான் சம்பளமில்லாம லீவு போடறேன். ஒரு வருஷம் நான் இருக்கறேன்."

அவள் அழுது முடித்து நிற்கிறாள். எனக்கோ முதலில் லேபின் வாசனைதான் மூக்கில் வந்தது. அதற்குப் பிறகுதான் அவள் முகம் கண்ணில் பட்டது.

முதலாளியைப் பார்க்க மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். அன்றைக்கு மனைவிக்கு ஷிப்டு மாற்றிப் போட்டிருந்தார்கள். மகள் சோளக் குவியலில் ஏறிச் சறுக்கி விளையாடினாள். லேபில் புதிதாக ஒரு கருவி வந்திருந்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன். பையன் மரியாதையாக விலகி நின்றான். எனக்கு அதை எப்படிப் போடுவதென்று தெரியவில்லை.

"நாளைக்கே வாங்க" என்றார் முதலாளி. "நான்தான் அன்னைக்கே சொன்னனே."

பஸ்ஸில் திரும்பும்போது மகள் மடியில் தூங்கினாள். தலைமுடியெல்லாம் சோளத் தூசி. ஊதி ஊதி எடுத்துக்கொண்டே வந்தேன். ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. ஆனாலும் சங்ககிரி தாண்டுகிற வரைக்கும் இனிமேல் இவளுக்கு யார் சடை போடுவார்கள் என்பதையேதான் யோசித்தேன்.

நாமக்கல்லில் வீடு பார்த்துக் குடிபோனோம். மனைவி வீட்டோடு இருந்தாள். மகள் ஒரு மாதம் அவளைப் படுத்தி எடுத்தாள். பிறகு ஒட்டிக்கொண்டாள். சாயங்காலம் நான் வந்தால் திரும்பிப் பார்த்துவிட்டு அம்மாவோடு விளையாடப் போய்விடுவாள். இருவரும் சிரிப்பது கேட்கும். நான் சட்டையைக் கழற்றித் தூசியை உதறிக்கொண்டு நிற்பேன்.

ஆனால் மனைவிக்கும் உட்கார முடியவில்லை. ஒருநாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது தெருமுனையில் சத்தம் கேட்டது. எங்கள் தெருவில் மின்சாரம் போயிருந்தது. மனைவி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு டிரான்ஸ்பார்மருக்குக் கீழே நின்று மேலே இருந்த லைன்மேனிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, அந்தப் பேஸ் லைன்ல லோடு அதிகம். மாத்திப் போடுங்க, இல்லீனா திரும்பப் போயிரும்."

"அம்மா, நீங்க கொழந்தையப் பாருங்க. நாங்க பாத்துக்கறோம்" என்றார் அவர்.

அவள் முகம் சிவந்துவிட்டது. தான் யார் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னைக் கண்டதும், "வாங்க, சாப்பிடலாம்" என்று விறுவிறுவென நடந்தாள். கொஞ்ச நேரத்தில் கரண்டு வந்தது. அரை மணி நேரத்தில் மறுபடி போயிற்று. அவள் விசிறி எடுத்து மகளுக்கு வீசினாள். தான் சொன்னது பலித்ததில் உள்ளுக்குள் அவளுக்கு ஒரே சந்தோஷம். எனக்குத் தெரிந்தது.

விடுப்பு முடிகிற சமயம் அவள் கேட்டே விட்டாள். "நான் திரும்பிப் போகோணும். அதே சமயம் இவளை விட்டுட்டுப் போகவும் முடியல. உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"அப்படியேதான் இருந்துச்சு" என்றேன். "இப்பவும் அப்படித்தான் இருக்குது."

இருவரும் வேலைக்குப் போவது, இரண்டு ஊருக்கும் நடுவில் இருப்பது என்று கடைசியில் முடிவானது. இப்போது சங்ககிரியில் இருக்கிறோம். காலையில் அவள் மேட்டூர்ப் பக்கமும் நான் நாமக்கல் பக்கமும் பஸ் ஏறுகிறோம். மகள் யூகேஜி படிக்கிறாள். பள்ளி விட்டு வந்ததும், எங்களில் ஒருவர் வரும்வரை மாடி வீட்டு அக்காவிடம் இருக்கிறாள். இது நல்ல ஏற்பாடு என்று பார்க்கிறவர்கள் சொல்கிறார்கள். நாங்களும் சொல்லிக்கொள்கிறோம்.

போன மாதம் ஒருநாள் காலை மகளுக்குக் காய்ச்சல். நானும் மனைவியும் தோளில் பையோடு கட்டிலின் இரண்டு பக்கமும் நின்றோம்.

"நான் இருக்கறேன், நீங்க போங்க" என்றாள்.

"உனக்கு ஷிப்டு இருக்குதே. நான் இருக்கறேன்."

"உங்களுக்கு லாரி வந்து நிக்குமே?"

"நிக்கட்டும்."

அவள் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், மணியைப் பார்த்தாள், கிளம்பினாள். எடப்பாடி போவதற்குள் மூன்று தடவை போன் செய்துவிட்டாள். பத்து மணிக்கெல்லாம் காய்ச்சல் விட்டு மகள் அசந்து தூங்கினாள். நான் ஜன்னலோரம் போய் நின்றேன். மெயின் ரோட்டில் நாமக்கல் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. இப்போது கிளம்பினால்கூட மத்தியான லாரிகளைப் பிடித்துவிடலாம். மாடி அக்கா வீட்டில்தான் இருக்கிறார், சொன்னால் வந்து பார்த்துக்கொள்வார்.

செருப்பை மாட்டினேன். மாடிப்படி வரைக்கும் போனேன். திரும்பி வந்து, ரசத்துக்குப் புளி ஊறவைத்தேன்.