குழாயில் இரண்டு தட்டு

ஓமானில், சோஹாரில் புது வேலை, புது ஃபிளாட். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பினாயில் ஊற்றிக் குளியலறையைக் கழுவிக்கொண்டிருந்தேன். சுவரோரக் குழாயில் ‘டொக் டொக்’ என்று கேட்டது. யோசிக்கவே இல்லை. பிரஷ்ஷைத் திருப்பி, கட்டையால் நானும் இரண்டு தட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் கீழ்வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா வாசலில் நின்றார். “பிள்ளை, நீர் அபுதாபியில இருந்தனீரோ? உந்தத் தட்டு அங்கத்தைய பழக்கமெல்லோ. ஆர் துவக்கினதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது.”

எனக்குத் தெரியும். என் சித்தி.

பினாயில் வாசனை என்றாலே எனக்கு அபுதாபியில் நாங்கள் இருந்த முசஃபா வீடுதான். அப்பா சைட்டில், நான் ஸ்கூலில் இருந்த ஒரு மத்தியானம், அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். சாயங்காலம் அப்பா கதவைத் திறக்கும்போது எல்லாம் முடிந்திருந்தது. “குழாய்ல யாரோ தட்டிக்கிட்டே இருந்தாங்க, பிளம்பர்னு நெனச்சோம்” என்று கீழ்மாடி அத்தை அழுதார். குறை சொல்ல முடியாது. வளைகுடாக் கட்டடங்களில் யாராவது எதையாவது தட்டிக்கொண்டேதான் இருப்பார்கள்.

அதன்பிறகு அந்தக் குளியலறைக்குள் நான் கால் வைக்கவில்லை. ஹாலில் பக்கெட் வைத்துக் குளிப்பேன் என்று அடம்பிடித்த வீராங்கனை நான்.

விருதுநகரிலிருந்து சித்தி வந்தாள். அத்தை அந்தக் கதையைச் சொன்ன மறுநாள் மத்தியானம், கரண்டியோடு குளியலறைக்குப் போய்க் குழாயில் இரண்டு தட்டு தட்டினாள். கீழே ஓடிக்கொண்டிருந்த டி.வி. சட்டென்று நின்றது. அத்தை மூச்சிரைக்க மேலே வந்தார்.

“ஏம்மா, உசிரே போயிருச்சு. எதுக்கு இப்படித் தட்டுற?”

“நாளையிலருந்து தெனம் மத்தியானம் தட்டுவேன், நீங்களும் பதிலுக்குத் தட்டுங்க அக்கா. தட்டலேன்னா கதவை உடைச்சுட்டு வந்துருவேன்.”

மலையாளி வீடு, பாகிஸ்தானி வீடு, பிலிப்பினோ நர்சுகள் என்று மாடி மாடியாகத் தட்டல் ஏறியது. வீடு மாறிப் போனவர்கள் போன இடத்துக்கும் கொண்டுபோனார்கள். “பிளம்பர் வரவே பயப்படுறான்” என்பார் அப்பா.

நான் ஹாலில் நின்றபடியே கேட்டேன்: “சித்தி, மேலருந்து தட்டுறது அம்மாவா?”

பேயாவது பிசாசாவது என்று அதட்டியிருக்கலாம். அவள் கரண்டியை என் பக்கம் நீட்டினாள். “அம்மாதான் மொதல்ல தட்டுனாங்க. அப்ப யாரும் பதில் சொல்லல. இப்ப சொல்லிட்டிருக்கோம்.”

அன்றுதான் கரண்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். அங்கிருந்த பெண்களெல்லாம் இப்போது தட்டலுக்குப் பதிலாகப் போனில் கட்டைவிரல் எமோஜி அனுப்பிக்கொள்கிறார்கள். சித்தி விருதுநகரில் தனி வீட்டில் இருக்கிறாள். தட்டினால் கேட்க மேலேயும் ஆளில்லை, கீழேயும் ஆளில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு கீழ்வீட்டு அக்கா படியிறங்கினார். பாதியில் திரும்பினார். “முதல்ல தட்டினது நீர்தானே பிள்ளை? நான் இண்டைக்கு இன்னும் தட்டேல்லை.”

“அப்போ மேல்வீடு?”

“அது கனகாலமாப் பூட்டிக் கிடக்கு.”

அடுத்த வெள்ளியும் கேட்டது. யாரென்று நான் மேலே போய்ப் பார்க்கவில்லை. பதிலுக்குத் தட்டினேன்.