சுகிர்தபாயின் முறை

புற்றுநோய்க்காகக் குரல்வளையை எடுத்த பிறகும் சுகிர்தபாய் வீட்டு வேலை எல்லாவற்றையும் செய்தாள். சாயங்காலச் செபத்தில்தான் சிக்கல். ஆளுக்கொரு வசனம் சொல்வது அந்த வீட்டு வழக்கம். ஒருவர் வசனத்தை இன்னொருவர் சொல்லமாட்டார். அவள் முறை வந்ததும் எல்லாரும் சற்றுப் பொறுத்து அடுத்தவருக்குப் போவார்கள். அந்த இடைவெளி கணவர் ராபின்சனுக்குப் பொறுக்கவில்லை.

பாறசாலையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தவர் அவர். குன்னத்துகால் வீட்டுக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஓடியது. அதில், அடித்ததை வாசிக்கும் புரோகிராம் ஒன்றை நிறுவினார். சுகிர்தபாய் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தாள். அது பேசியது.

"அம்மைக்க சத்தம் இப்ப வெள்ளைக்காரன் சத்தமாக்கும்," என்றாள் மகள் அஜிஷா. சுகிர்தபாய் தோள் குலுங்கச் சிரித்தாள்.

அன்று செபத்தில் தன் வசனத்தை அடித்து விசையை அழுத்தினாள். சத்தம் வரவில்லை. மறுநாள் பகலில் பேசியது. செபத்தில் மறுபடியும் ஊமை. ராபின்சன் ஸ்பீக்கர் வயரை மாற்றினார். ஒலிக்கருவியைப் பயன்படுத்த கம்ப்யூட்டரில் அவள் கணக்குக்கு அனுமதி உண்டா என்று பார்த்தார். உண்டு. புரோகிராமை அழித்துத் திரும்ப நிறுவினார். அன்றும் அப்படியே.

"போதும் அப்பா. எல்லாரும் அம்மைக்க முகத்தயே பாக்காவ. அவளுக்கு நாணக்கேடாக்கும்."

சுகிர்தபாய் அதன்பின் கம்ப்யூட்டர் பக்கம் போகவில்லை. நோய் திரும்பியது. ஆஸ்பத்திரியில் வலிமருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கம்ப்யூட்டரைக் கட்டிலருகே கொண்டுவந்து வைத்து, அதில் குறித்த நேரத்தில் தானாக ஓடும் கட்டளைகளை ராபின்சன் திறந்து பார்த்தார். முன்பொருநாள் செபத்தின் நடுவில் கம்ப்யூட்டர் கூவி, வந்திருந்த அவருடைய மாமியார் முகம் சுளித்திருந்தார். அதனால் தினமும் செபம் தொடங்கும் ஏழு மணிக்கு ஒலியை அடைத்து, முடிந்ததும் திறக்கும்படி அவரே ஒரு வரி எழுதியிருந்தார். எழுதியதை அடியோடு மறந்துபோயிருந்தார். இப்போது அந்த வரியை நீக்கினார்.

அன்று செபத்தைக் கட்டிலைச் சுற்றியே வைத்தார்கள். அவள் முன்பு அடித்த வசனம் திரையில் இருந்தது. மருந்து மயக்கத்தில் அவள் கண் திறக்கவில்லை.

"நிங்க அமுக்குங்க அப்பா. இப்ப கேக்குமில்லியா?"

"கேக்கும் மக்கா. அவ முறையாக்கும். அவதான் அமுக்கணும்."

காத்திருந்தார்கள். மூச்சுவிட ஆப்பரேஷனில் இட்ட தொண்டைத் துளையில் சளி கரகரத்தது. ராபின்சன் எழுந்து குழாய் விட்டு உறிஞ்சி எடுத்து, துணியால் ஒற்றினார்.

பிறகு அஜிஷா தன் வசனத்தைச் சொன்னாள்.