துக்க மணி அடித்துக் கூப்பிட்ட கோல்கீப்பர்

எத்தனை சோப்பு போட்டுத் துவைத்தாலும் அந்த ஜெர்சிகளில் மீன் வாசனை போகாது. வலை காயும் கயிற்றிலேயே ஜெர்சியையும் காயப்போட்டால் வேறு எப்படி இருக்கும்? எதிர் டீம்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் கைகுலுக்குவார்கள். எங்களுக்கு அதில் ஒரு பெருமை வேறு!

எழுபதுகளின் தொடக்கம்... ராயபுரத்தில் கடலைப் பார்த்த ஒரு சந்து. என் வீட்டுக்காரர் சூசை சந்து டீமுக்கு கோல்கீப்பர். (பேரைச் சொல்லிவிட்டேன். இந்த வயதில் இனி என்ன!) மெட்ராஸ் லீக்கின் மேல் டிவிஷனில் ஆடியதெல்லாம் பெரும்பாலும் ஆபீஸ் டீம், கம்பெனி டீம். நல்லா ஆடுகிறவனுக்கு வேலை கொடுத்து இழுத்துக்கொள்வார்கள். அவர்கள் நடுவில் கட்டுமரக்காரர்களின் டீம் எங்களுடையது ஒன்றுதான்.

டீமுக்கு மானேஜர் செபாஸ்தி மாமா. கோயிலில் மணி அடிக்கிற வேலையும் அவருக்குத்தான். கல்யாணம் கட்டாதவர். டீம்தான் குடும்பம்.

அந்த சீசனின் கடைசி மேட்ச். தோற்றால் கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிடுவோம். சந்துக்கே அந்தக் கவலை... எனக்கு மட்டும் வேறு கவலை. ஹார்பர் பக்கம் ஒரு கம்பெனியிலிருந்து ஆபீசர் ஒருவர் என் வீட்டுக்காரர் ஆட்டத்தைப் பார்க்க வருகிறார், பிடித்தால் வேலை என்று பேச்சு. என் அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாதவர். நானோ வாயும் வயிறுமாக இருந்தேன். இந்தப் பிள்ளையாவது அப்பன் முகம் பார்த்து வளரட்டும் மாதாவே என்று அழாத நாள் இல்லை.

மேட்ச் அன்றைக்கு விடியற்காலை... "நெத்திலி வந்துகீதுடா!" என்று கரையில் யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான். மேட்சாவது ஒன்றாவது! பாதி டீம் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

"மத்தியானத்துக்குள்ள வந்துர்றேன் ரோசி" என்று போனவர்தான். மீனைக் கண்டால் இவருக்கு உலகமே மறந்துவிடும். மத்தியானம் தாண்டியும் ஆள் வரவில்லை. கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் கட்டுமரத்துப் பாய்கள் நிற்கின்றன. கத்தினால் கேட்காது. செபாஸ்தி மாமா கரைக்கும் கோயிலுக்கும் நடந்து நடந்து வேர்த்துக் கொட்டினார். பிறகு திடீரென்று காணோம்.

கொஞ்ச நேரத்தில்... டங்... கொஞ்சம் இடைவெளி... டங்...

துக்க மணி! யாராவது செத்தால் மட்டுமே அப்படி அடிப்பார்கள்.

சந்தே வெளியில் வந்துவிட்டது. "யாரு? யாருடி?" என்று ஒருத்தியை ஒருத்தி எண்ணிப் பார்க்கிறோம். எல்லாக் கிழங்களும் உயிரோடு நிற்கின்றன! பெண்கள் கோயிலுக்கு ஓடினால், மாமா கயிற்றை விடாமல் சொல்கிறார்: "யாரும் சாவலம்மா... மேட்சு கீது! வேற எப்பிடித்தான் கூப்புடுறது?"

துடைப்பத்தோடு துரத்தினார்கள் அவரை. சாகாத ஆளுக்கு மணி அடிக்கிறதாவது, வாயில் வைத்துச் சொல்ல முடியாத அபசகுனம்!

கடலில் இருந்தவர்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? ஒவ்வொருவனும் தன் வீட்டு ஆள்தான் போய்விட்டது என்று நினைத்து, வலையை அப்படியே சுருட்டிக்கொண்டு துடுப்புப் போட்டிருக்கிறான். இவர் அலைக்கு அந்தப் பக்கமே குதித்து நீந்தி வந்தார். என்னைப் பார்த்தார். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"ரோசி... நீ கீறியா?"

"கீறேன்யா! மேட்சுக்கு நேரமாச்சு, எந்திரி!"

சந்து மொத்தமும் பார்க்க, என் இடுப்பைக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். எனக்கு வெட்கம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். அப்புறம் எழுந்து போய் செபாஸ்தி மாமாவின் சட்டையைப் பிடித்தார்.

"அப்பால அட்ச்சிக்கோ நைனா, மொதல்ல வண்டில ஏறு" என்றார் மாமா, கொஞ்சமும் அசராமல்.

ஐஸ் லாரியில் ஏறிப் போனார்கள். பெண்கள் மேட்சுக்குப் போகும் வழக்கம் இல்லை. நான் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டேன், ஒருவரும் இறங்கச் சொல்லவில்லை.

ஆரம்பத்திலேயே இவர் ஒரு கோல் வாங்கினார். சாதாரண பந்து, துடுப்புப் போட்ட கை சோர்ந்து நழுவவிட்டது. ஆபீசர் பக்கம் பார்க்கவே எனக்குப் பயம். எங்கள் ஆள் ஒருவன் தலையால் முட்டி அதைச் சமன் செய்தான். அதற்குப் பிறகு இவரிடம் என்னதான் வந்ததோ... கால், நெஞ்சு, முகம், எதில் பட்டாலும் சரி என்று விழுந்து விழுந்து தடுத்தார். கடைசிவரை ஒன்றும் உள்ளே போகவில்லை. ஒன்றுக்கு ஒன்று, டிரா. மேல் டிவிஷனில் தங்கிவிட்டோம்.

ஆபீசர் வந்து முதுகில் தட்டினார். வேலை உண்டு. ஆனால் இனி கம்பெனி டீமுக்குத்தான் ஆட வேண்டும்.

இவர் செபாஸ்தி மாமாவைப் பார்த்தார்.

"இன்னாத்துக்கு என்னப் பாக்குற? ரோசியப் பாரு. போய் வேலைல சேர்ற வழியப் பாரு" என்று சொல்லிவிட்டு, மாமா குனிந்து ஜெர்சிகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

அடுத்த சீசன் கோல்கீப்பர் இல்லாமல் சந்து டீம் கீழே இறங்கியது. மறுபடி ஏறவே இல்லை.

இன்றைக்கு அந்த மணல் இல்லை, அலைக்குக் கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். டீமும் இல்லை, மாமாவும் இல்லை. பேத்தி போனில் எந்தெந்த நாட்டு லீக்கையோ பார்க்கிறாள். எல்லா ஆட்டக்காரன் பெயரும் அவளுக்குத் தெரியும். போன வாரம் இந்தக் கதையைக் கேட்டுவிட்டுத் தாத்தாவிடம் கேட்டாள்: "கடைசில அந்த மேட்ச்ல யாரு தாத்தா ஜெயிச்சது?"

"டிராம்மா" என்றார் இவர்.

என்ன டிரா! ரிட்டயர் ஆகும்வரை தினமும் சாயங்காலம் இந்த மனிதர் முழுசாக வீடு வந்து சேர்ந்தார். என் பிள்ளைகள் மூன்றும் அப்பன் தோளில் வளர்ந்தன. அன்றைக்கு ஜெயித்தது நான்தான்.

தோற்றது செபாஸ்தி மாமா. சாகும்வரை அதை ஒரு வார்த்தை சொல்லிக்காட்டியதில்லை, அந்த மனுஷன்.